கொதிநீர் பீன்ஸ்

மனித வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். மனிதன் தன் உணவைத் தானே விளைவித்து, தானே ஜாடியில் அடைத்து வைத்துக்கொண்ட காலம் ஒன்று. கடைக்காரனிடம் போய்க் கையை நீட்டிய காலம் மற்றொன்று. இழந்துபோன அந்த முதல் காலத்தை மீட்டுத் தரவே தான் பிறந்ததாக ஹாலிஸ் பிளெட்சோ உறுதியாக நம்பினார். அப்படி நம்பிக்கொண்டு நின்ற நேரத்தில் அவருடைய வலது கை ஒரு பீன்ஸ் ஜாடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"நடீன்!"

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கை வெளிய வரமாட்டேங்குது."

கோழிக்கூட்டிலிருந்து ஓடிவந்தாள் நடீன். மாவட்டத் திருவிழாவில், வீட்டில் ஜாடியில் அடைத்த உணவுகளுக்கான போட்டிக்கு அன்று மதியத்துக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். கொண்டுபோக எடுத்த ஜாடியில் ஒரே ஒரு பீன்ஸ் குறுக்கே கிடந்திருக்கிறது. அதை நிமிர்த்தி வைக்கலாமென்று ஹாலிஸ் மூடியைத் திறந்து கையை விட்டிருக்கிறார்.

"மூடியத் திறந்தா அது போட்டிக்கு ஆகாதுன்னு தெரியாதா?"

"திரும்ப மூடிட்டாப் போச்சு."

"சீல் விட்டா விட்டதுதாங்க. அது என்ன டிபன் டப்பாவா, திறந்து திறந்து மூட?"

பன்றிக் கொழுப்பைத் தடவி, முறுக்கி, இழுத்ததில் கை வந்தது. சாறு சொட்டிய விரலை ஹாலிஸ் வாய்க்குக் கொண்டுபோனார். நடீன் பளீரென்று புறங்கையில் ஓர் அடி வைத்தாள்.

"கழுவுங்க முதல்ல. சோப்புப் போட்டு. ரெண்டு தடவ."

ஜாடியை அவளே எடுத்துப் போய், களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்த குழியில் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளினாள். எட்டிப் பார்க்க வந்த ஒரு கோழியை, தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவள் போடக்கூடாத ஒரு சத்தம் போட்டு விரட்டினாள்.

"நம்ம பீன்ஸ் கோழிக்குக்கூடக் கிடையாதா?" என்று ஹாலிஸ் பெருமையோடு கேட்டார்.

"கிடையாது" என்றாள் நடீன்.

ஹாலிஸ் முன்பு நகரத்தில் ஓர் இன்சூரன்ஸ் கிளையின் மேனேஜராக இருந்தவர். மற்றவர்களின் தீ, திருட்டு, மரணம் எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தவருக்கு ஒருநாள் ஞானம் பிறந்து, எங்கள் மலைப்பக்கம் வந்து நிலம் வாங்கினார். வாசல் கம்பத்தில் 'பிளெட்சோ சுதந்திரப் பண்ணை' என்று பலகை ஏறியது. காய் காய்ப்பதற்கு முன்பே பலகை ஏறிவிட்டது. போன வருஷத் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் எழுந்து நின்று, "இன்றிலிருந்து ஒரு வருடத்துக்குக் கடை உணவு எங்கள் வீட்டுக்குள் வராது" என்று சபதம் செய்தார்.

காப்பி கணக்கில் வராது. காப்பி ஒரு பானம். சர்க்கரை, உப்பு, கோதுமை மாவு வராது. அவை மூலப்பொருட்கள். கடுகுச் சாஸ் மருந்து மாதிரி. இப்படிப் பட்டியல் நீண்டுகொண்டே போனதில், எது கணக்கில் வரும், எது வராது என்று கடைக்காரர் டெல்மருக்கே பிடிபடவில்லை. ஹாலிஸ் கடைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. நடீன்தான் மாதம் ஒரு முறை போய், கணக்கில் வராதவற்றை வாங்கிவருவாள். ஹாலிஸ் வெளியே பிக்கப் வண்டியில் உட்கார்ந்து, கடையின் கண்ணாடிக் கதவை நாத்திகன் கோயிலைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

டெல்மர் மட்டும் ஒவ்வொரு முறையும் வெளியே வந்து கேட்பார்: "பீன்ஸ் எப்படி சார் இருக்கு?"

"பிரமாதம், டெல்மர். உங்க ரேக்குல கிடைக்காது."

டெல்மர் ஒருமாதிரி யோசித்துவிட்டு உள்ளே போய்விடுவார். பொறாமை என்று ஹாலிஸ் முடிவுகட்டியிருந்தார்.

அந்த பீன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பீன்ஸை ஜாடியில் அடைப்பவர்கள் பெரிய பிரஷர் குக்கரில்தான் வைப்பார்கள். ஹாலிஸ் அதை ஏற்கவில்லை. பிரஷர் குக்கர் என்பது, பிரஷர் குக்கர் விற்பவர்கள் கிளப்பிவிட்ட பயம் என்பது அவர் கொள்கை. திறந்த அண்டாவில் மூன்று மணி நேரம் கொதிநீர். அவ்வளவுதான். "என் முப்பாட்டன் என்ன குக்கரைக் கட்டிக்கிட்டா அழுதாரு?" என்பார். அந்த முப்பாட்டன் இளம் வயதிலேயே, வீட்டில் இருந்த ஏழு பேருடன் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தவர். குதிரை உதைத்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள்.

முதல் கோடையில் நடீன் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள். உண்மையின் முன் அறியாமை மண்டியிட்டதாக ஹாலிஸ் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வாரத்தில் நாலு நாள் இரவுச் சாப்பாட்டில் பீன்ஸ் இருந்தது. அவர் நிலவறையிலிருந்து ஜாடியை எடுத்துக் கொடுப்பார். அவள் சமைப்பாள். காலி ஜாடி பளபளவென்று கழுவிக் கவிழ்ந்திருக்கும். ஒவ்வொரு கவளத்திலும் அவருக்குத் தன் மண் ருசித்தது. பிப்ரவரியில் மட்டும் சப்பென்று இருந்தது. வடக்கு மூலையில் மண்ணின் சத்து இறங்கிவிட்டதென்று கண்டுபிடித்து, பனியில் நின்று அடுப்புச் சாம்பலைக் கொட்டினார். அடுத்த மாதமே ருசி திரும்பியது.

"மண்ணு பேசும், நடீன். கேக்கற காது வேணும்" என்றார் அப்போது.

"ம்" என்றாள் நடீன்.

இரண்டாவது ஜாடியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு திருவிழாக் கொட்டகைக்குப் போனார்கள்.

ஜாடி மேசைக்குப் பொறுப்பு ஓப்பல் யோக்கம். அவர் வாங்கிய முதல் பரிசு நீல ரிப்பன்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை போடலாம். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்னப்பா இது? எலி கடிச்சுப் போட்ட மாதிரி? ஒண்ணு விரல் நீளம், ஒண்ணு நகம் நீளம்."

"கையால நறுக்கினது ஓப்பலம்மா. மிஷின்ல இல்ல."

"அது தெரியுது."

பிறகு ஜாடியோடு கொடுத்த போட்டிச் சீட்டைப் படித்தார். செய்முறை என்ற இடத்தில் ஹாலிஸ் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'கொதிநீர். மூன்று மணி நேரம். முன்னோர் வழி.'

ஓப்பல் ஜாடியை மிக மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இத எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. வழியில மேடு பள்ளம் பாத்துப் போ."

"ஏன்?"

"தக்காளின்னா புளிப்பு இருக்கு, கொதிநீர் போதும். பீன்ஸ்ல அது கிடையாது. குக்கர்ல வெக்கலேன்னா உள்ள இருக்கற கிருமி சாகாது. மூடிக்குள்ளயே உக்காந்து விஷம் கக்கும். வாசனை மாறாது, நிறம் மாறாது. சாப்பிட்டவன்தான் மாறுவான்."

"ஒரு வருஷமாத் தின்னுக்கிட்டிருக்கோம்! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ஓப்பல் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"நடீன், நீ சொல்லு" என்று ஹாலிஸ் திரும்பினார். "சாப்பிட்டமா இல்லையா?"

"வாரத்துல நாலு நாள் பீன்ஸ் சாப்பிட்டோம்" என்றாள் நடீன், போட்டிக்குத் தான் கொண்டுவந்திருந்த பீச் ஜாம் ஜாடியைப் பார்த்தபடி.

கூட்டம் சேர்ந்துவிட்டது. இன்சூரன்ஸ் தொழிலில் அவர் கற்றது ஒன்றுதான்: எதிராளி பேச்சை நிறுத்தும்வரை தான் நிறுத்தக்கூடாது. "சரி. இந்த ஜாடிய இங்கேயே தின்னு காட்டறேன். எல்லார் கண் முன்னாலயும். உயிரோட இருந்தா என் பீன்ஸ மேசையில வெக்கணும். சம்மதமா?"

"சம்மதமில்ல" என்றார் ஓப்பல்.

ஆனால் திருவிழாத் தலைவருக்கு அது பிடித்துப்போனது. டிராக்டர் பந்தயத்துக்கு வந்த டிராக்டர் கிளம்பமாட்டேனென்று நின்றுவிட்டதில், பன்றிக் கண்காட்சிக்கும் ஆப்பிள் பை தின்னும் போட்டிக்கும் நடுவே நிகழ்ச்சி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஐந்தாவது நிமிடம் ஒலிபெருக்கி அலறியது: "பெரிய மேடையில், திரு. ஹாலிஸ் பிளெட்சோ, தன் சொந்த பீன்ஸைச் சாப்பிடுவார்!"

தீயணைப்புப் படையினர் ஆம்புலன்ஸை மேடையோரம் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாதிரியார் தொப்பியைக் கழற்றினார்.

ஒரு ஜாடியைப் பத்துப் பேர் முன்னால் தின்பதாகத் தொடங்கிய காரியம் ஊரே பார்க்கும் காரியமாகிவிட்டதில், ஹாலிஸ் ஆம்புலன்ஸ் பக்கம் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அதை உற்சாகம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

எல்லோரும் நடீனைப் பார்த்தார்கள். அவள் தடுப்பாள், அழுவாள், மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்தார்கள்.

"சாப்பிடட்டும்" என்றாள் நடீன். "ஆனா வீட்டுல சமைக்கற மாதிரி நான்தான் சமைச்சுப் போடுவேன். ஜாடியில கைய விட்டு அள்ளித் தின்ன இவரு என்ன கரடியா?"

ஓப்பல் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். இழுத்தது ஓரமாகத்தான். குரல் ஓரமாக இல்லை.

"ஏண்டி, கொதிக்க வெச்சாலும் நான் என் நாய்க்குப் போடமாட்டேன். உன் மனசுல என்ன இருக்கு? பாலிசி கீலிசி ஏதாவது இருக்கா?"

"இருக்கு."

"பெரிசா?"

"அவரே போட்டதுதான்."

"முழு கவரேஜ்!" என்று ஹாலிஸ் தூரத்திலிருந்து பெருமையாகச் சொன்னார். நடீனைச் சுற்றி நின்ற பெண்கள் இரண்டடி நகர்ந்துகொண்டார்கள்.

"சமைக்கறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றார் ஓப்பல்.

"நில்லுங்க. ஆனா பன்னி உப்புக்கண்டம் ஒரு துண்டு வேணும். டெல்மர் கடையில வாங்கிட்டு வந்துடறேன்." திருவிழாத் திடலுக்கு எதிர்ச் சாரியில்தான் கடை.

"கடை உப்புக்கண்டமா?" ஹாலிஸ் பதறினார். "சபதம் முடிய இன்னும் ஒரு நாள் இருக்கே!"

"அது மணத்துக்குங்க. மணம் கணக்குல வராது."

தன்னுடைய தர்க்கத்தை இன்னொருவர் வாயில் கேட்கும்போது மனிதனுக்கு ஏற்படும் நெகிழ்ச்சி ஹாலிஸுக்கும் ஏற்பட்டது. தலையாட்டினார்.

நடீன் கூடையை எடுத்தாள். ஜாடியையும் அதில் வைத்தாள்.

"ஜாடி எதுக்கு?"

"இங்க வெச்சுட்டுப் போனா யாராவது கை வெச்சுடுவாங்க."

"அதுவும் சரிதான்" என்றார் ஓப்பல். யார் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை.

நடீன் திரும்பிவரக் கொஞ்ச நேரமானது. தேவாலயப் பெண்களின் கொட்டகை அடுப்பில் அவள் சமைத்தாள். அடுப்படி குறுகலாக இருந்ததால் ஓப்பல் வாசலில் நின்று காவல் காத்தார். அடுப்பும் சட்டியும் நடீனின் முதுகுக்கு அந்தப் பக்கம் இருந்தன. உப்புக்கண்டம் பொரியும் மணம் பரவியபோது, சாகப்போகிறவனைப் பார்க்க வந்த கூட்டத்தில் சிலருக்குப் பசியெடுத்தது.

தட்டும் காலி ஜாடியும் மேடைக்கு வந்தன. பாதிரியார் வழக்கமான ஜெபத்தைச் சொன்னார். பிறகு வழக்கமில்லாத இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்.

ஹாலிஸ் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். திடலே அவர் தொண்டையைப் பார்த்தது. மென்றார். விழுங்கினார். இன்னொரு கரண்டி. அந்த உற்சாகம் மெல்ல இறங்கி, அதன் இடத்தில் பழைய ஹாலிஸ் வந்து உட்கார்ந்தார். மைக்கை இழுத்தார்.

"இதுல என்ன ருசிக்குது தெரியுமா? மலைச்சுண்ணாம்பு. மேல மழைத்தண்ணி. அடியில, ரொம்ப அடியில, நான் பிப்ரவரியில போட்ட சாம்பல். கண்ணக் கட்டிவிட்டு ஆயிரம் தட்டு வெச்சாலும் என் பீன்ஸ நான் எடுத்துக் குடுப்பேன். கடை டின்னுல அடைச்சது வருமா? அதுல ருசிக்கறது தகரம்!"

கைதட்டல் எழுந்தது. தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. விஷம் எப்போது வேலை செய்யும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்த ஓப்பல் மேடையேறி வந்து, அவர் கண்மணிகளை உற்றுப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். ஒரு பீன்ஸைக் கரண்டியால் நகர்த்தி இன்னொன்றின் பக்கத்தில் வைத்தார். மூன்றாவதையும் வைத்தார். மூன்றும் ஒரே நீளம். அளவெடுத்து வெட்டியதுபோல.

"தம்பி, இது நீ நறுக்கினதா?"

"என் கையால."

ஓப்பல் திரும்பி நடீனைப் பார்த்தார். நடீன் கொட்டகைக் கூரையில் ஏதோ குருவிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  ஓப்பல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆம்புலன்ஸ அனுப்பிடுங்கப்பா" என்றார்.

"ஏம்மா?"

"வேணாம்னு தோணுது."

நீல ரிப்பன்களின் பேரரசி தோல்வியை ஒப்புக்கொண்டதாக ஹாலிஸ் புரிந்துகொண்டார். இரக்கத்தோடு அவர் தோளில் தட்டினார். ஓப்பல் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

முன்வரிசையில் ஓர் இளம் ஜோடி. அந்த வருஷம்தான் மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு பண்ணை தொடங்கியிருந்தார்கள். மனைவியின் இடுப்பில் ஒரு குழந்தை, தன் கால்விரலைத் தின்ன முயன்றுகொண்டிருந்தது. கணவன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

"சார், நிஜமாவே மூணு மணி நேரம் கொதிக்க வெச்சாப் போதுங்களா? குக்கர் வாங்கறதுக்காகப் பன்னிக்குட்டிய வித்துடலாம்னு இருந்தோம்."

"விக்காதப்பா!" என்று ஹாலிஸ் முழங்கினார். "பன்னி உன் சொத்து. குக்கர் அத விக்கறவனோட லாபம். நேரா நம்ம பண்ணைக்கு வா. மனைவியக் கூட்டிட்டு வா. யார் வேணா வாங்க! அடுத்த சனிக்கிழமை, இலவச வகுப்பு!"

கைகள் உயர்ந்தன. முதலில் நாலைந்து. பிறகு எண்ண முடியாத அளவு. திருவிழாத் தலைவர் பென்சில் தேடினார்.

நடீன் எழுந்துவிட்டாள். அன்று முழுக்க நிறம் மாறாத முகம் இப்போதுதான் வெளுத்தது.

"வேணாங்க. வகுப்பெல்லாம் வேணாம்."

"ஏன்?"

"அவங்க வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு."

"குழந்தைக்குத்தான் முதல்ல குடுக்கணும்! இந்த மண்ணோட ருசி நாக்குல ஏறணும்!"

"ஹாலிஸ்!" என்றாள் நடீன். பெயர் சொல்லி அவள் கத்தி ஊரில் யாரும் கேட்டதில்லை.  ஒரு வருஷமாகச் சொல்லாததை ஒலிபெருக்கிக்கு முன்னால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல், மேடையில் இருந்த காலி ஜாடியைப் பார்த்தாள்.

"சொல்லிடு நடீன்" என்றார் ஓப்பல் உட்கார்ந்தபடியே. "நீ சொல்லலேன்னா நான் சொல்லியாகணும். இந்தப் பிள்ளைங்களக் கொன்னுட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தேவாலயத்துக்குப் போவேன்?"

"என்ன சொல்லணும்?" என்று ஹாலிஸ் மைக்கில் கேட்டார். கேள்வி பன்றிக் கொட்டகைவரை கேட்டது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு டெல்மர் வந்தார். கடை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. நிகழ்ச்சிக்கு நடுவே வந்துவிட்டோமே என்ற கூச்சத்தோடு மேடையோரம் குனிந்து நின்று, கையிலிருந்ததை நடீனிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்கம்மா. அவசரத்துல ஒண்ணக் கவுண்டர்லயே விட்டுட்டு வந்துட்ட."

அது ஒரு டின்.

"அது என்ன?" என்றார் ஹாலிஸ்.

டெல்மர் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"பீன்ஸ்தான் சார். நீங்க மாசாமாசம் எடுக்கறதுதான், உப்பு போட்டது. பிப்ரவரியில மட்டும் உப்பில்லாதத மாத்திக் குடுத்துட்டேன்."